ஞாயிற்றுக்கிழமைக் கணுக்கால்

எண்ணிக்கையில் தப்பு விடுகிறவள் இல்லை தையல்காரி. ஒரு கண்டு நூலில் எத்தனை கால்சட்டைக்கு மடிப்புத் தைக்கலாம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். அப்பேர்ப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் புருஷனின் நீர் மாத்திரை அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எண்ணுவாள். வாரத்துக்கு ஏழு. ஏழு குழியும் காலியாக இருக்கும். அப்புறம் அவர் காலை முக்காலி மேல் தூக்கி வைக்கச் சொல்லி, கணுக்காலைச் சுற்றி அளவு நாடாவைப் போடுவாள். ஒன்பதேகால் அங்குலம். அளவு நோட்டில், தெருவில் உள்ளவர்களின் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே, ‘இவர் கால் ஒன்பதேகால்’ என்று எழுதி வைப்பாள். மாத்திரையும் சரி, காலும் சரி. இதற்கு மேல் ஒருத்தி என்னத்தைத்தான் பார்ப்பாள்?

ஆனாலும் மனுஷன் சரியில்லை. திங்கட்கிழமை காலையில் கட்டிலை விட்டு எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கெண்டைக்கால் இழுக்கிறது என்று பல்லைக் கடிக்கிறார். என்ன என்று கேட்டால், “வயசாகுதுல்ல?” என்று ஒரே பேச்சாக முடித்துவிடுகிறார். ஐம்பத்திரண்டு வயதில் அப்படி என்ன வயசு ஓடிப்போய்விட்டது?

அவர் டவர் கிரேன் ஓட்டுகிறவர். கட்டடம் கட்டும் இடத்தில் எல்லாரும் அவரை ‘மேகம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். காலை ஏழு மணிக்கு ஏணியில் ஏறினால் மூன்று மணிக்குத்தான் பூமிக்கு வருவார். அதுவரை அவர் வெறும் குரல்தான். கீழே நின்று வாக்கி டாக்கியில் அவருக்கு வழி சொல்லும் ஆள் ‘விசில்’. கயிற்றைக் கட்டி, சரி பார்த்து, “தூக்குண்ணே” என்று அவன் சொன்னால்தான் மேலே அவர் கை நெம்புகோலில் போகும். பதினோரு வருஷமாக இரண்டு பேரும் ஒரே ஜோடி. வேலை நேரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே இல்லை, ஆனால் ஒருவர் இருமினால் இன்னொருவருக்குத் தெரியும்.

தையல்காரியின் மெஷின் முன்னறை ஜன்னல் ஓரம். எதிர்வரிசையில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே உள்ள சந்தில் பார்த்தால், தூரத்தில் அந்தக் கிரேனின் நீட்டிய கை தெரியும். ஊசியில் நூல் கோர்க்கும்போது ஒரு தடவை, மடிப்பு முடிந்தால் ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பாள். கை அசைந்தால் அவர் நன்றாக இருக்கிறார். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

மூன்று மாதத்துக்கு முன்னால், ஏணி ஏறி வேலை பார்க்கிறவர்களுக்கு வருஷா வருஷம் நடக்கும் பரிசோதனையில் ரத்த அழுத்தம் எகிறி நின்றது. இரண்டு காலிலும் வீக்கம், விரலால் அமுக்கினால் குழி விழுந்தது. டாக்டரம்மா அழுத்தத்துக்கு ஒரு மாத்திரையும், உடம்பில் தேங்கிய நீரை வெளியேற்ற ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். தினம் காலையில் ஒன்று. தினம் காலையில் எடை. எடை பார்க்கும் மெஷின் வீட்டில் இல்லை. அது எதற்கு, நாடாதான் இருக்கிறதே என்று தையல்காரி தானாகவே முடிவு கட்டிக்கொண்டாள். தினமும் எங்கே நேரம்? ஞாயிற்றுக்கிழமைதான் அவர் சாவகாசமாக உட்காருவார். அன்றைக்கு அளந்தால் போயிற்று.

விஷயம் வெளிப்பட்டது ஒரு வியாழக்கிழமை. கட்டட வேலைக்கு எல்லாருக்கும் புதுக் கால்சட்டை கொடுத்திருந்தார்கள். அவருக்கு நீளம் அதிகம். வேலையிலிருந்து வந்தவரை அப்படியே நிற்க வைத்து, கீழே உட்கார்ந்து மடிப்புக்கு ஊசி குத்தினாள். காலுறையின் ரப்பர், தோலில் வாய்க்கால் வெட்டியிருந்தது. அவளுக்குத் திக்கென்றது. நாடாவை எடுத்துச் சுற்றினாள். பதினொன்று.

“இது என்னங்க?”

“எது?”

“ஞாயித்துக்கிழமை ஒம்பதேகால் இருந்த காலு, வியாழக்கிழமை பதினொண்ணா?”

“நாள் பூரா நின்னா வீங்காம என்ன செய்யும்?”

“நீங்க நிக்கிறீங்களா? உக்காந்து ஓட்டுற வேலைதானே உங்க வேலை?”

கால்சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனவர் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. தப்பு செய்தவர்கள் குளித்தால் நேரம் ஆகும், அது அவளுக்குத் தெரியும்.

சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை. தையல்காரி மெஷினில் உட்கார்ந்தபடியே கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தாள். ஞாயிறு மத்தியானம் வரைக்கும் மட்டும் பதினோரு தடவை கழிவறைக்குப் போனார். நாக்கு உலர்ந்து, உதடு வெடித்து, செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். சாயங்காலம் முக்காலியில் காலைத் தானாகவே தூக்கி வைத்து, “அள, அள” என்றார். ஒன்பது.

“பாத்தியா? நீ சும்மா பயந்த.”

“மாத்திரையை எப்பங்க போடுறீங்க?”

“காலையிலதான். அட்டையை எண்ணிப் பாரேன். ஏழு போயிருக்கா, இல்லையா?”

போயிருந்தது. பதில் இருக்கிறது, ஆனால் மனசு ஒப்பவில்லை. இப்படி ஒரு நிலைமை பெண்டாட்டிமார்களுக்கு மட்டும்தான் வரும்.

திங்கட்கிழமை காலை அவர் கிளம்பும்போது அவள் தடுத்துப் பார்த்தாள். “இன்னிக்கு ஒரு நாள் லீவு போடுங்க. டாக்டரம்மாவைப் பாத்துட்டு வந்துடலாம்.”

“இன்னிக்குக் கூரை போடறாங்க. நான் இல்லைன்னா முப்பது பேர் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். இருபத்திரண்டு வருஷத்துல என்னால ஒரு கொக்கி நின்னதா யாராவது சொல்லட்டும் பாப்போம்.” சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போயேவிட்டார்.

ஏழரைக்குக் கிரேனின் கை அசைய வேண்டும். அசையவில்லை. ஏழே முக்காலுக்குப் பார்த்தாள், அப்படியே நின்றது. எட்டு மணிக்கு அவள் ஊசியில் நூல் கோர்க்க முயன்று மூன்று தடவை தவறவிட்டாள். போன் அடித்தபோது யார் என்று பார்க்காமலே எடுத்தாள்.

“அண்ணி, விசில் பேசறேன். பதறாதீங்க. அண்ணன் ஏணியில உக்காந்திருக்காரு.”

“ஏணியிலயா? விழுந்துட்டாராடா?”

“விழலை, விழலை. பாதி உயரத்துல இளைப்பாற ஒரு பலகை மேடை இருக்கும்ல, அதுல உக்காந்திருக்காரு. கெண்டைக்கால் இழுத்துக்கிச்சாம். கண்ணு இருட்டிக்கிட்டு வருதாம். இடுப்புப் பட்டியைக் கம்பியில மாட்டிக்கிட்டாரு, அது வரைக்கும் புத்தி இருந்துச்சு. நான் மேல ஏறப் போறேன். நீங்க வந்துடுங்க.”

கதவைப் பூட்டினாளா என்றுகூட அவளுக்கு ஞாபகம் இல்லை. அவள் போய்ச் சேர்ந்தபோது ஏணிக் கூண்டுக்குள் இரண்டு பேர் தெரிந்தார்கள். அவருக்கு ஒரு படி கீழே விசில், அவர் காலைப் பிடித்துப் பிடித்து அடுத்த கம்பியில் வைத்துக்கொண்டே இறங்கினான். “இது கம்பிண்ணே. வெச்சாச்சு. அடுத்தது. அவசரம் இல்ல. மெதுவா.” அத்தனை வருஷமாக இரும்பையும் சிமெண்டையும் இறக்கிய அதே குரல்தான். கீழே சைட் என்ஜினியர் முதல் கம்பி கட்டுகிறவர் வரை எல்லாரும் அண்ணாந்து நின்றார்கள்.

தரையில் கால் வைத்ததும் அவர் அவளைப் பார்த்தார். முகம் வெளுத்துக் காகிதமாக இருந்தது. “கூரை வேலை நின்னுபோச்சே” என்றார். அவளுக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பாள். ஆனால் அழுகை முந்திக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள். உடம்பில் நீர் வறண்டுவிட்டது, பொட்டாசியம் என்ற உப்பு ரொம்பக் குறைந்துவிட்டது, அதனால்தான் காலை இழுத்தது, இன்னும் குறைந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும் என்று டாக்டரம்மா சொன்னார். கையில் சொட்டு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“தினம் ஒண்ணுதானே போடச் சொன்னேன்?”

“ஒண்ணு ஒண்ணுதாங்க. வாரத்துக்கு ஏழு” என்று தையல்காரி முந்தினாள். “நானே எண்ணுவேன்.”

“நான் உங்களைக் கேக்கலைம்மா. ஐயா சொல்லட்டும்.”

மேகம் கூரையைப் பார்த்தார். பிறகு மென்று முழுங்கிச் சொன்னார். “வேலை நாள்ல போடறது இல்லைங்க.”

“ஏன்?”

“அதைப் போட்டா அரை மணிக்கு ஒரு தடவை போகணும். நான் இருக்கிற உயரத்துக்கு இறங்க இருபது நிமிஷம், ஏற அரை மணி. கொக்கியில ரெண்டு டன் தொங்கிட்டு இருக்கும், கீழ ஆளுங்க நிப்பாங்க. அவசரமா வருதுன்னு கையை எடுக்க முடியுங்களா? அதுக்காகத் தண்ணியும் குடிக்கிறது இல்ல. அஞ்சு நாள் விட்டதைச் சனிக்கிழமை மூணு, ஞாயித்துக்கிழமை நாலுன்னு சரிக்கட்டிடுவேன்.”

தையல்காரிக்குத் தலையில் யாரோ அடித்தது போல இருந்தது. ஏழு குழியும் காலி. ஒன்பதேகால் அங்குலம். அவளுடைய எண்ணிக்கை, அவளுடைய நாடா, எல்லாம் ஞாயிற்றுக்கிழமை. அவர் தன்னை ஏமாற்றினார் என்பதைவிட, தான் இத்தனை கருத்தாக இருந்தே ஏமாந்தோம் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“சரிக்கட்டறதா?” என்றார் டாக்டரம்மா. “அப்படி யாரு சொன்னாங்க?”

“யாரும் சொல்லலைங்க. கிரேன்ல அப்படித்தான். முன்னாடி கையில எவ்வளவு பாரமோ, அதுக்குத் தக்க பின்னாடி கையில சிமெண்ட் கட்டை வெச்சிருப்பாங்க. ஒரு பக்கம் குறைஞ்சா மறு பக்கம் ஈடு கட்டணும். மொத்தம் சரியா இருந்தா சாயாது.”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அதில் தையல்காரிக்கு அவர்மேல் ஒரு மரியாதை வந்தது. டாக்டரம்மா கேட்டார், “அந்தச் சிமெண்ட் கட்டையை அஞ்சு நாளைக்கு எடுத்து வெச்சுட்டு, சனி ஞாயிறுல ரெண்டு பங்கா ஏத்தினா கிரேன் நிக்குமா?”

“ஐயையோ. மொத நாளே முன்பக்கமா சாஞ்சிடும். தப்பிச்சு நின்னாலும் சனிக்கிழமை பின்பக்கமா போயிடும்.”

சொல்லிவிட்டு அவர் நிறுத்தினார். தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவரே கேட்டுக்கொண்டிருந்தார்.

“உங்க உடம்பு வாரத்தை எண்ணாது ஐயா. அன்னன்னிக்குச் சேர்ற தண்ணியை அன்னன்னிக்குத்தான் தள்ளும். அஞ்சு நாள் தேங்கவிட்டு அழுத்தத்தை ஏத்துறீங்க. ரெண்டு நாள்ல ஒட்டப் பிழிஞ்சு, உப்பையும் சேத்து வெளிய விடறீங்க. அப்புறம் திங்கட்கிழமை ஏணி ஏறறீங்க. ஒரு நாள் மறந்துட்டா, அன்னிக்கே ஞாபகம் வந்தாப் போடுங்க. மறுநாள் ஆயிட்டா விட்டுடுங்க. ரெண்டாச் சேர்க்கவே கூடாது. கால் இழுத்ததுக்கு என்ன சாப்பிட்டீங்க?”

“சைட்டுல முதலுதவிப் பெட்டியில வலி மாத்திரை இருந்துச்சு.”

“அதுல சிலது இதோட சேராது. கிட்னியைப் போட்டுப் பாத்துடும். என்னைக் கேக்காம எதுவும் வேண்டாம். சரி, மூணு மணிக்கு இறங்கிடுவீங்களா?”

“இறங்கிடுவேன்.”

“அப்ப மூணு மணிக்குப் போடுங்க. தூங்கப் போறதுக்குள்ள அதோட வேலை முடிஞ்சிரும். காலையிலதான் போடணும்னு நான் சொன்னது ராத்திரி தூக்கம் கெடக் கூடாதுன்னுதான். இதை அன்னிக்கே என்கிட்டக் கேட்டிருக்கலாமே?”

“பொம்பளை டாக்டர்கிட்ட எப்படிங்க, ஒண்ணுக்குப் போறதைப் பத்தி…”

“போச்சுடா” என்றார் டாக்டரம்மா. இந்தத் தடவை சிரித்துவிட்டார். பிறகு தையல்காரியின் பக்கம் திரும்பினார். “நாடாவை விட்டுடச் சொல்லலைம்மா. ஆனா எடை மெஷின் வாங்குங்க. தினம் காலையில, எழுந்து ஒண்ணுக்குப் போயிட்டு, சாப்பிடறதுக்கு முன்னாடி. ரெண்டு மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறினாலும் இறங்கினாலும் எனக்குப் போன். இன்னொண்ணு, வாந்தி, வயித்துப்போக்குன்னு வந்தா மாத்திரையைப் போடறதுக்கு முன்னாடியே கேளுங்க. உடம்பு ஏற்கனவே தண்ணியை விட்டுட்டு இருக்கும்போது இதுவும் சேந்தா ஆபத்து. அன்னிக்கு ஏணி கிட்டயே போகக் கூடாது.”

இரண்டு நாள் ஆஸ்பத்திரி, மூன்று வாரம் வீடு. அந்த மூன்று வாரமும் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, வேறு ஒருவர் ஓட்டும் தன் கிரேனைப் பார்த்துக்கொண்டு பொருமினார். “பாரு, எப்படி வெடுக்குனு திருப்புறான். கொக்கி ஆடுது பாரு.” தையல்காரி காது கொடுக்கவில்லை. அவளுக்கு வேறு கவலை.

“திரும்பிப் போனதும் உடம்புக்கு முடியலைன்னா சொல்லுவீங்களா?”

“சொல்லுவேன்.”

“யார்கிட்ட?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கிரேனைப் பார்த்தார்.

“மூணு மணி மாத்திரையைப் போட்டுக்குவீங்க, அது எனக்குத் தெரியும். எடையும் பாத்துக்கலாம். ஆனா ஒரு நாள் முடியலைன்னு வெச்சுக்குங்க. முப்பது பேர் நிக்கிறாங்க, லாரி நிக்குது. அன்னிக்கு வாயைத் திறப்பீங்களா, இல்ல பழையபடி ஏறுவீங்களா? அதுதான் எனக்குப் பயம். ஏணியில இருந்து இறக்கும்போது உங்க காலை அவன் பிடிச்சு வெச்சான் பாருங்க, அது இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.”

“சும்மா அதையே பேசாத” என்றார். ஆனால் குரலில் வேகம் இல்லை.

ரத்தப் பரிசோதனை சரியாக வந்து, அழுத்தமும் இறங்கி, டாக்டரம்மா கடிதம் கொடுத்த பிறகு வேலைக்குப் போனார். எடை மெஷின் கட்டிலுக்கு அடியில் இருந்தது. நாடாவையும் அவள் விடவில்லை. செவ்வாய், வெள்ளி, திங்கள் என்று நினைத்த நாளில் காலைப் பிடிப்பாள். ஒன்பதரை, ஒன்பதேகால், ஒன்பதரை. இப்போதுதான் நம்பலாம் போல இருந்தது.

அந்தப் புதன்கிழமை அவர் விடியும் முன்பே கிளம்பிவிட்டார். அன்றைக்குப் பெரிய கான்கிரீட் வேலை. கலவை லாரிகள் அதிகாலையிலேயே வந்து வரிசையில் நிற்கும். தையல்காரி எழுந்து பார்த்தால், எடை எழுதும் தாளில் ‘ஒன்றரை கிலோ குறைவு’ என்று அவர் கையெழுத்தில் இருந்தது. கழிவறை வாளியில் தண்ணீர் காலி. சாப்பாட்டு டப்பா வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. வயிறு கெட்டிருக்கிறது, சொல்லாமல் போயிருக்கிறார். கட்டட வேலைக்காரர்களுக்குத் தைத்துக் கொடுக்க வேண்டிய மினுங்கும் மேல்சட்டைகள் பன்னிரண்டு முடிந்து கிடந்தன. அதை ஒரு சாக்காக அள்ளிக்கொண்டு ஓடினாள். போகிற வழியெல்லாம் அவர் போனுக்கு அடித்தாள், எடுக்கவில்லை. ஏறியிருப்பாரோ, ஏறியிருப்பாரோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

அவர் ஏணியின் அடியில் நின்றிருந்தார். கையுறை போட்டிருந்தது, இடுப்புப் பட்டி கட்டியிருந்தது. பக்கத்தில் விசில். எதிரே சைட் என்ஜினியர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன மேகம், ஏறலையா? ஆறு லாரி நிக்குது. கலவை இறுகிட்டா யாரு பதில் சொல்றது?”

மேகம் என்ஜினியரைப் பார்த்தார், வரிசையில் நின்ற லாரிகளைப் பார்த்தார், வாசலில் துணி மூட்டையோடு மூச்சு வாங்க நிற்கும் பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லித் தீர்த்தாயிற்று. அவர் விசிலின் கையிலிருந்து வாக்கி டாக்கியை வாங்கினார். அந்த வளாகத்தில் அதே அலைவரிசையில் இருபது பேர் கேட்பார்கள்.

“எல்லாருக்கும் சொல்றேன். மேகம் பேசறேன், தரையில இருந்து. விடியக்காலையில இருந்து எனக்கு வயித்தாலே போகுது. நான் நீர் மாத்திரை சாப்பிடற ஆளு. தெரியாதவங்க தெரிஞ்சுக்குங்க. ஒண்ணுக்குப் போறதுக்கான மாத்திரை. டாக்டரம்மாகிட்டப் பேசிட்டேன். இன்னிக்கு மாத்திரையும் வேண்டாம், ஏணியும் வேண்டாம்னுட்டாங்க. நான் ஏற மாட்டேன். மாத்து ஆளைக் கூப்பிடுங்க. அவரு வர்ற வரைக்கும் ஒண்ணாம் நம்பர் கிரேன் நிக்கும்.”

யாரோ ஒருவர் வாக்கி டாக்கியில் களுக்கென்று சிரித்தார். என்ஜினியர் எதையோ சொல்ல வாயெடுத்து, அன்றைக்கு ஏணியிலிருந்து இறக்கிய காட்சி ஞாபகம் வந்ததோ என்னவோ, போனை எடுத்து மாற்று ஆளை அழைக்கப் போனார். தையல்காரி துணி மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். இருபத்திரண்டு வருஷத்து வீறாப்பை ஊரறியப் போட்டு உடைத்துவிட்டாரே என்று பெருமையாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

வாக்கி டாக்கி கரகரத்தது.

“அண்ணே. ரெண்டாம் நம்பர் பேசறேன்.”

அது எதிர்ப்பக்கத்துக் கிரேன் ஓட்டுகிறவர். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

“சொல்லு தம்பி.”

“அந்த மாத்திரை… நானும் அதுதாண்ணே. ஒரு வருஷமா.” கொஞ்ச நேரம் வெறும் கரகரப்பு. “வேலை நாள்ல போடறதில்ல.”

மேகம் கண்ணை மூடித் திறந்தார். “லீவுல சேத்துப் போடுறியா?”

“ஆமாண்ணே.”

“இப்ப எப்படி இருக்கு?”

“காலு வீங்கியிருக்கு. இன்னிக்கு ஏறும்போது ரொம்ப மூச்சு வாங்குச்சு. பயமா இருக்குண்ணே.”

“கொக்கியில என்ன இருக்கு?”

“காலி.”

“அப்ப கையை எடுத்துடு. சீட்டை விட்டு எழுந்திரிக்காத. ஆள் மேல வருது, அவங்க கூடத்தான் இறங்கணும். தனியா இறங்காத, புரியுதா?”

“புரியுதுண்ணே.”

விசில் அதற்குள் ஓடிவிட்டான். இன்னொருவரும் பின்னாலேயே போனார். இரண்டாம் நம்பர் கிரேனின் கை அப்படியே நின்றது. இப்போது இரண்டும் அசையவில்லை. லாரிக்காரர்கள் கீழே இறங்கி அண்ணாந்து நின்றார்கள்.

தையல்காரி எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

“அந்தத் தம்பி இறங்கி வர எவ்வளவு நேரம் ஆகும்?”

“இந்த மாதிரி இறக்கினா முக்கால் மணி ஆகும். நீ வீட்டுக்குப் போ. தையல் கிடக்குது இல்ல?”

“கிடக்கட்டும். நான் இருக்கேன்” என்று சொல்லி, கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டாள்.